கட்டுத்தறியிலிருந்து சேணத்திற்கு: காயமுற்ற இளங்குதிரையின் மீள்பயிற்சி குறித்த வரலாற்று நோக்கு

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் அமைந்த ஆயக்குடி, திண்டுக்கல் சீமைப் பாளையங்களுள் ஒன்று. மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையக்காரர் தம் நில உரிமைக்கு ஈடாகப் படையுதவி அளிக்கக் கடமைப்பட்டிருந்தனர். பாளையப் படைகளில் காலாட்களே மிகுதி. குதிரை அரிய உடைமை. கல்லும் சரிவும் நிறைந்த அடிவார நிலத்தில் ஓர் இளங்குதிரை கால் நொண்டினால், அதனை மீண்டும் ஏறுவதற்கு உரியதாக்குவது எளிய செயலன்று. தமிழகக் குதிரை வரலாறு இறக்குமதி, விலை, துறைமுகம் ஆகியவற்றையே முதன்மைப்படுத்தி எழுதப்பட்டுள்ளது. ஓய்விலிருந்த குதிரையைச் சவாரிக்குத் திருப்பும் இடைக்காலம் போதிய கவனம் பெறவில்லை.

இவ்விடைக்காலம் பற்றிய அரிய குறிப்பொன்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப்பின் நூலில் உள்ளது. கிஷ் தீவின் வணிகத் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டிற்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை கொடுத்தது. இவ்வளவு பொருட்செலவில் வந்த குதிரைகளை 40 நாட்கள் கயிற்றாலும் முளைகளாலும் கொட்டிலில் பிணித்துக் கொழுக்கவைப்பர் என்றும், பின்னர் முறையான பயிற்சியும் அங்கவடியும் இன்றி வீரர்கள் கடுமையாக ஏறி ஓட்டுவர் என்றும், அதனால் வலிய குதிரைகளும் விரைவில் சோர்ந்து பயனற்றுப்போகும் என்றும் வாசாப் எழுதுகிறார். மார்க்கோ போலோவும் குதிரைகள் பேரளவில் மடிவதைக் குறிப்பிட்டு, பேணத் தெரியாமையே காரணம் என்கிறார்.

இச்சான்றுகளை அப்படியே ஏற்பதற்கில்லை. வாசாப் ஈரானில் இருந்தவாறே எழுதியவர். அவருக்குக் கிடைத்த செய்தி, குதிரை விற்றோர் வழி வந்ததாதல் வேண்டும். வாங்குபவரின் அறியாமையைப் பெரிதாக்கிக் காட்டுவது விற்பவருக்கு இயல்பு. வணிகர்கள் குதிரை மருத்துவர் எவரையும் இங்கு வரவிடுவதில்லை, குதிரைகள் இறப்பதே அவர்களுக்கு ஆதாயம் என மார்க்கோ போலோவே கூறுவது இவ்விடத்தில் நோக்கத்தக்கது. எனினும் வாசாப் சுட்டும் குறை தனித்தன்மை உடையது. அவர் ஓய்வைப் பழிக்கவில்லை. ஓய்வுக்கும் ஓட்டத்திற்கும் நடுவே படிநிலை இல்லாமையையே பழிக்கிறார். புதிதாக வந்த குதிரைகளைப் பற்றியதாயினும் இக்கூற்று காயமுற்ற குதிரைக்கும் பொருந்தும்.

அப்படிநிலை பற்றிய அறிவு இந்திய மரபில் இல்லாமலில்லை. சாலிகோத்திர மரபு நூல்களும் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ நூலும் அதற்குச் சான்று. கௌடிலீயத்தின் அசுவ அத்தியட்சர் பகுதி இன்னும் நேரடியானது. நான்கு அல்லது ஐந்து வயதில், உடல் முழு அளவை எட்டிய பின்னரே குதிரை வேலைக்கு உரியது என அது வரையறுக்கிறது. மருத்துவர் நிறுத்திவைத்த குதிரையைச் சவாரிக்குப் பயன்படுத்துவோருக்கு 12 பணம் தண்டம். மருத்துவத்தில் நேர்ந்த பிழையால் நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இருமடங்கு தண்டம். இது நெறிநூல், தமிழக நடைமுறைக்கு நேர்ச்சான்றாகாது. ஆயினும் குதிரையின் மீது ஏறலாமா என்பதை முடிவு செய்யும் உரிமை மருத்துவருக்கு இருந்தது என்ற கருத்து அதில் ஐயத்திற்கிடமின்றிப் பதிவாகியுள்ளது.

இன்றைய கால்நடை மருத்துவம் அத்தடைக்கான காரணத்தை விளக்குகிறது. கிழிந்த தசைநாண் வீக்கம் தணிந்து, புதிய இழை தோன்றி, அவ்விழை இழுவிசைக்கேற்பத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். கடுங்காயமாயின் ஓராண்டளவும் ஆகலாம். நொண்டல் மறைவது இதற்கு நெடுநாள் முன்பே நிகழ்ந்துவிடும். முற்றிலும் கட்டிவைத்தால் இழை ஒழுங்குபெறாது. உடனே ஓட்டினால் மீண்டும் கிழியும். ஆகவே கையில் பிடித்து நடத்துதல், ஆளேற்றி நடத்துதல், சிறிது நேர மெல்லோட்டம் என அளவு கூட்டப்படுகிறது. எலும்பு முதிராத இளங்குதிரைக்கு இவ்வளவு இன்னும் மெதுவாகவே கூட வேண்டும்.

மலைமேல் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் கோடைக்கானலில் வீடுகள் கட்டினர். மோட்டார் சாலை வருமுன் பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலேறியோர் மட்டக்குதிரையையும் சுமப்போர் தோளையும் நம்பினர். ஒற்றையடி ஏற்றத்தில் கால் பிசகாத குதிரைக்கே மதிப்பு. இன்று பழனி அடிவாரத்துக் குதிரை வண்டிகளும் கோடைக்கானல் ஏரிக்கரைச் சவாரிக் குதிரைகளும் அன்றன்றைய வருவாயைச் சார்ந்தவை. அரசனின் கொட்டிலில் நிற்கும் குதிரைக்குக் கருவூலம் தீனியிடும். நாள்வாடகைக் குதிரை ஓய்விலிருக்கும் மாதங்களில் அதன் தீனிச் செலவை உரிமையாளரே ஏற்கிறார். நொண்டல் மறைந்த மறுநாளே குதிரை மீண்டும் பயணியைச் சுமக்க நேர்வது பெரும்பாலும் இக்கணக்கினால்தான். குதிரைக்காரரின் அறியாமை அதற்கு அடுத்த காரணமே.