நாலரை நிமிட ரீல்

ஊட்டிச் சாலையும் குன்னூர்ச் சாலையும் சேர்ந்து கோத்தகிரிக்குப் போகிற கட்டபெட்டில் மூடுபனி எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பளிச்சென்று தெரிந்த தேயிலைச் சரிவு பத்தே நிமிடத்தில் காணாமல் போகும். பார்க்க அழகுதான். ஆனால் கேமராவோடு நிற்பவருக்குப் பெரிய தலைவலி. முன்னால் எடுத்த ஷாட்டோடு பின்னால் எடுத்த ஷாட் ஒட்டாது!

இந்த மலை வெளிச்சத்தைத் தமிழ் சினிமாவில் அழகாகப் பிடித்தவர் பாலு மகேந்திரா. 1982ல் வந்த "மூன்றாம் பிறை"யின் கடைசிக் காட்சி, கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்தது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு தேசிய விருது கிடைத்தது. அவர் தொழில் கற்றது பூனாவில். பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960ல் மத்திய அரசு தொடங்கிய திரைப்படக் கல்லூரி அது. மட்டக்களப்பிலிருந்து வந்த அவர் அங்கே ஒளிப்பதிவு படித்து, 1969ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அவருடைய மாணவர் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் "செம்மீன்" இயக்குநர் ராமு காரியாட் "நெல்லு" (1974) படத்துக்கு அவரை அழைத்தார். பரீட்சைக்காக எடுத்த படம், வேலை வாங்கிக் கொடுத்தது!

அந்தக் காலத்தில் மாணவர்களுக்குப் பெரிய வாத்தியார் பிலிம் பற்றாக்குறைதான். 35 எம்எம் கேமராவில் 400 அடி ரீல் ஓடுவது ஏறக்குறைய நாலரை நிமிடம். பிலிமின் விலையோ அதிகம். (ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பல வருடம் "இந்து" என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்தது. வண்ணமும் டிஜிட்டலும் வந்தபின் நலிந்து மூடப்பட்டது.) அதனால் ஷாட்டை முதலில் பேப்பரில் பிரித்து, ஒத்திகை பார்த்து, பிறகே பட்டனை அழுத்தினார்கள். உண்மையான பாடம் எடிட்டிங் மேஜையில் காத்திருந்தது. பிலிமைக் கையால் வெட்டி டேப் போட்டு ஒட்டும்போதுதான், பேசுகிறவரை மட்டும் எடுத்துவிட்டு கேட்கிறவரின் முகத்தை எடுக்க மறந்தது தெரியும். திரும்பப் போய் எடுக்க ரீல் இருக்காது. கேமராமேன் கேமராவைக் கற்றது எடிட்டிங் அறையில்தான் என்றால் மிகையில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு மாஸ்கோவில் பிலிம் கிடைக்காதபோது லெவ் குலெஷோவின் மாணவர்கள் "பிலிம் இல்லாத படங்களை" மேடையில் நடித்துப் பழகினார்கள். ஒரே நடிகரின் அசையாத முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினால், பார்ப்பவர் அதில் பசியையும் துக்கத்தையும் காண்கிறார் என்ற புகழ்பெற்ற சோதனையும் அவருடையதே.

சென்னையில் இதே வழியில் வந்தவர்கள் அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள். ஆபாவாணன் எழுத, அரவிந்த்ராஜ் இயக்க, 1986ல் வந்த "ஊமை விழிகள்" அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் கூட்டாகச் செய்த சினிமாஸ்கோப் படம். அது நன்றாக ஓடிய பிறகு "இன்ஸ்டிட்யூட் பசங்க" என்ற சொல்லுக்கே தனி மரியாதை வந்தது.

1995ல் மினி டிவி கேமரா வந்தது. ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம், எடிட்டிங் வீட்டுக் கம்ப்யூட்டரில். தப்பு செய்ய இனி காசு வேண்டாம். இது பெரிய விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் எதையும் யோசிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் குவிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. பாலு மகேந்திரா 2007ல் சென்னையில் "சினிமா பட்டறை" தொடங்கி, 2014 பிப்ரவரியில் இறக்கும்வரை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டிஜிட்டலை அவர் வெறுக்கவும் இல்லை. அவருடைய கடைசிப் படமான "தலைமுறைகள்" (2013) எடுக்கப்பட்டது மாணவர்கள் குறும்படத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற கேனான் 5டி கேமராவில். எடிட்டிங்கையும் அவரே செய்தார்.