மலை மிதிவண்டி அதிர்வுதாங்கி

மலை மிதிவண்டி அதிர்வுதாங்கி அல்லது சஸ்பென்சன் என்பது, கரடுமுரடான பாதையில் செல்லும் மிதிவண்டியின் சக்கரங்கள் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப மேலும் கீழும் நகர இடமளிக்கும் அமைப்பு ஆகும். ஓட்டுபவரின் கைகளையும் முதுகையும் அதிர்வில் இருந்து காப்பது இதன் பயன்களுள் ஒன்று. எனினும், சக்கரம் நிலத்தை விட்டு எழும்பாமல் வைத்திருப்பதே இதன் முதன்மைப் பணியாகும். நிலத்தைத் தொடாத சக்கரத்தைக் கொண்டு வண்டியைத் திருப்பவோ நிறுத்தவோ இயலாது.

வரலாறு

1970களில் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டி மலைச்சரிவுகளில் ஓட்டப்பட்ட தொடக்ககால மலை மிதிவண்டிகளில் அதிர்வுதாங்கி இருக்கவில்லை. தடித்த டயர்களே அதிர்வைத் தாங்கின. 1989 ஆம் ஆண்டு பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் ஆகியோர் ராக்சாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் முதல் முன்கவையின் நகர்வு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் மட்டுமே. 1990 இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், அம்முன்கவை பொருத்திய வண்டியில் கிரெக் ஹெர்போல்டு மலையிறக்கப் பந்தயத்தை வென்றார். அதன் பின்னர் இவ்வமைப்பு விரைவாகப் பரவியது.

வகைகள்

முன்சக்கரத்திற்கு மட்டும் அதிர்வுதாங்கி கொண்ட வண்டி ஹார்டுடெயில் எனப்படும். இது எடை குறைந்தது, பராமரிக்க எளியது. இரு சக்கரங்களுக்கும் அதிர்வுதாங்கி கொண்டது முழு அதிர்வுதாங்கி வண்டி ஆகும். சக்கரம் நகரக்கூடிய தொலைவு வண்டியின் பயன்பாட்டைப் பொறுத்து மாறுபடும். நெடுந்தொலைவுப் பந்தய வண்டிகளில் பொதுவாக 100 முதல் 120 மில்லிமீட்டரும், மலையிறக்க வண்டிகளில் 200 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும்.

இயங்கும் முறை

அதிர்வுதாங்கியின் முதன்மை உறுப்புகள் வில், தணிப்பான் ஆகிய இரண்டாகும். வில் என்பது உலோகச் சுருளாகவோ அடைக்கப்பட்ட காற்றாகவோ இருக்கலாம். சக்கரம் கல்லில் மோதும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. வில் மட்டுமே இருந்தால் வண்டி பந்து போல் துள்ளிக்கொண்டே இருக்கும். தணிப்பானில் உள்ள எண்ணெய் சிறு துளைகளின் வழியே பாயும்போது அவ்வாற்றல் வெப்பமாக மாறித் துள்ளல் அடங்குகிறது.

சரிசெய்தல்

முதலில் சரிசெய்ய வேண்டியது அமர்வு ஆகும். ஓட்டுபவர் ஏறி நிற்கும்போது அவரது எடையால் அதிர்வுதாங்கி அமுங்கும் அளவே அமர்வு எனப்படுகிறது. இவ்வாறு சிறிது அமுங்கியிருந்தால்தான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழிறங்கி நிலத்தைத் தொட முடியும். முன்கவைக்கு மொத்த நகர்வில் 15 முதல் 20 விழுக்காடும், பின்பக்கத்திற்கு 25 முதல் 30 விழுக்காடும் பொதுவான தொடக்க அளவுகளாகும். எடுத்துக்காட்டாக, 120 மில்லிமீட்டர் முன்கவையில் 20 விழுக்காடு என்பது 24 மில்லிமீட்டர். குழாயில் உள்ள ரப்பர் வளையம் நகர்ந்த தொலைவைக் கொண்டு இதனை அளக்கலாம். அமர்வு மிகுந்தால் காற்றழுத்தத்தைக் கூட்டவும், குறைந்தால் குறைக்கவும் வேண்டும்.

அடுத்தது மீள்வு வேகம். இது மிக விரைவாக இருந்தால் வண்டி ஓட்டுபவரைத் தூக்கி எறிய முற்படும். மிக மெதுவாக இருந்தால், ஒரு மேட்டில் அமுங்கியது மீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். தொடர்ந்து அமுங்கி இறுதியில் அசைவற்றதாகிவிடும். காற்றழுத்தத்தை மாற்றினால் மீள்வையும் மீண்டும் சரிபார்த்தல் வேண்டும்.

சில வண்டிகளில் பூட்டு வசதி உண்டு. சமமான சாலையில் ஏறும்போது மிதிக்கும் ஆற்றல் வீணாவதை இது குறைக்கிறது. கரடான இறக்கத்தில் பூட்டைத் திறந்துவிடுதல் இன்றியமையாதது.

பராமரிப்பு

ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னரும் குழாய்களில் படிந்த சேற்றைத் துடைக்க வேண்டும். இல்லையெனில் மணல் துகள்கள் அடைப்பு வளையங்களைத் தேய்த்து எண்ணெய்க் கசிவை உண்டாக்கும். உற்பத்தியாளர் குறிப்பிட்ட உச்ச அழுத்தத்தை மீறலாகாது. பின்பக்க அதிர்வுதாங்கிகள் பலவற்றில் உயரழுத்த நைட்ரசன் அடைக்கப்பட்டிருப்பதால், உரிய பயிற்சியும் கருவிகளும் இன்றி அவற்றைத் திறப்பது ஆபத்தானதாகும்.