மெலிந்த கலவையும் சிலிண்டர் வெப்பமும்: கொக்கலையிலிருந்து இரத்மலானை வரை

மிக்சர் கைப்பிடியை இழுத்து எரிபொருளைக் குறைத்தால் சிலிண்டர் வெந்துபோகும் என்ற எச்சரிக்கையோடுதான் பெரும்பாலான மாணவ விமானிகள் பிஸ்டன் எஞ்சினை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். அந்த எச்சரிக்கையில் பாதிதான் உண்மை. சிலிண்டரைச் சுடுவது மெலிந்த கலவை அன்று. உயர்ந்த வலுவில் ஓடும்போது அரைகுறையாக மெலிக்கப்பட்ட கலவைதான் அதைச் சுடுகிறது. இந்த வேறுபாட்டை ஆராயத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. இலங்கையின் தென்கரையில் உள்ள கொக்கலை ஏரியே அதற்குப் போதும்.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. 1943 ஜூன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனத்தைச் சேர்ந்த கப்டன் ரசல் டாப் ‘அல்டேர் ஸ்டார்’ என்ற கற்றலினா மிதவை விமானத்தைப் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து கிளப்பி, இந்து சமுத்திரத்தைக் கடந்து கொக்கலையில் இறக்கினார். அதன்பின் 1945 ஜூலை வரை குவான்டாஸ் நிறுவனம் இப்பாதையை 271 தடவை கடந்தது. தூரம் 3,500 கடல் மைலுக்கும் அதிகம். ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. பயணிகள் ஒரே பறப்பில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். எடையெல்லாம் எரிபொருளுக்கே போனதால் மூன்று பயணிகளுக்கு மேல் இடமில்லை.

ஏறத்தாழ 9,000 லீற்றர் பெற்றோலுடன் அந்த விமானம் கிளம்பியது. முழுவதையும் 30 மணி நேரத்தில் எரித்ததாகவே கொண்டாலும் எஞ்சின் ஒன்றுக்கு மணிக்கு 150 லீற்றர், அதாவது ஏறத்தாழ 108 கிலோ. மெலிந்த கலவையில் ஓடும் இத்தகைய எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு 200 கிராம் அளவில் எரிக்கும் என்று வைத்தால் கிடைப்பது 540 குதிரைவலு. அந்த பிராட் அண்ட் விற்னி ஆர்-1830 எஞ்சினின் முழு வலு 1,200. ஆக, பாதி வலுவைக்கூட எட்டாமல்தான் அது கடலைக் கடந்திருக்கிறது. கற்றலினாவின் பொறியாளர் உடற்பகுதியையும் சிறகையும் இணைக்கும் குறுகிய தூணுக்குள் அமர்ந்திருப்பார். மிக்சர் கைப்பிடியும் எரிபொருள் அளவுகளும் அவர் முகத்துக்கு நேரே, இரு பக்க யன்னல்களிலும் எஞ்சின்கள். எரிபொருளைச் சேமிப்பதும் எஞ்சினைக் காப்பதும் ஒரே ஆளின் பொறுப்பாக, ஒரே கையசைவுக்குள் இருந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக இருந்திருந்தால் அந்தச் சேவை சில வாரங்கள்கூடத் தாக்குப்பிடித்திராது.

ஏன் பகையாகவில்லை? நிலையான வலுவில் கலவையைச் சிறிது சிறிதாக மெலித்துக்கொண்டே போனால் வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பின் இறங்கும். சிலிண்டர்த் தலையின் வெப்பம் அந்த உச்சத்தில் அதிகபட்சத்தை அடைவதில்லை. அதற்குச் சற்று முன்பே, வாயு வெப்பம் உச்சத்துக்கு 25, 30 பாகை செல்சியஸ் கீழே நிற்கும் செறிந்த பக்கத்தில், அடைந்துவிடுகிறது. அங்கேதான் சுடர் விரைந்து பரவுகிறது, உள்ளழுத்தமும் மிகுகிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் சிலிண்டர் குளிரும். செறிந்த பக்கம் போனால் மிகையான எரிபொருள் எரிதலைத் தளர்த்துகிறது. மெலிந்த பக்கம் போனால் சுடர் தானே மெதுவாகி, அழுத்த உச்சம் தாழ்ந்து, தாமதமாக வருகிறது. வாயு வெப்பமானியில் பெரிய எண்ணைக் கண்டு அஞ்சும் விமானி பல வேளைகளில் கைப்பிடியைச் சற்றே முன் தள்ளி, சிலிண்டருக்கு மிகக் கொடிய இடத்திலேயே எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஓர் எஞ்சினுக்கு ஒரே கலவை என்பது கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கலவை உண்டு. ஒன்று மெலிந்த பக்கத்தில் குளிர்ந்து தடுமாறும்போது பக்கத்துச் சிலிண்டர் கொடிய இடத்தில் நிற்கலாம். ஆர்-1830இல் எரிபொருள் மிகையூட்டியின் (சூப்பர்சார்ஜர்) சுழல் தட்டுக்கு முன்னால் தெளிக்கப்பட்டு, அதன் வேகத்தில் காற்றோடு நன்கு கலந்த பின்னரே 14 சிலிண்டர்களுக்கும் பிரிந்தது. செஸ்னா போன்ற இன்றைய பயிற்சி விமானங்களின் காபரேற்றர் எஞ்சினில் அந்தச் சுழல் தட்டு இல்லை. எனவே கொக்கலையின் அனுபவத்தை அப்படியே செஸ்னாவுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பது சரியே. ஆனால் இது பங்கீட்டின் குறை. மெலிந்த கலவைமேல் அதைச் சுமத்துவது நியாயமன்று.

அதே ஆர்-1830 பின்னர் இரத்மலானைக்கும் வந்தது. 1935 நவம்பர் 27இல் முதல் விமானம் இறங்கிய அந்தத் தளத்துக்கு 1944இல் குவான்டாஸின் லிபரேற்றர்களும், 1947 டிசம்பர் 10 முதல் பலாலி வழியாகச் சென்னை சென்ற எயர் சிலோனின் டக்கோட்டாக்களும் அதே எஞ்சினையே சுமந்துவந்தன. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போய்த் தெஹிவளையும் கல்கிசையும் தாண்டினால் வரும் அந்த ஓடுபாதையில் இன்று பயிற்சிச் செஸ்னாக்கள் பறக்கின்றன.

இவற்றின் விமானிகள் கையாளும் நூல்களின் அட்டவணைகள் 15 பாகை வெப்பமுள்ள உலர்ந்த காற்றை அடிப்படையாகக் கொண்டவை. கொழும்பின் காற்று 30 பாகை, ஈரம் நிறைந்தது. வெம்மையால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைகிறது. அதனால் மட்டும் மிதவைக் காபரேற்றரின் கலவை 2.5 சதவீதம் செறிகிறது. நீராவி ஒட்சிசனின் இடத்தைப் பிடிப்பதால் மேலும் ஏறத்தாழ 3 சதவீதம். மறுபுறம், 200 பாகையில் இருக்கும் சிலிண்டருக்கும் சுற்றுக் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு 185இலிருந்து 170 ஆகச் சுருங்குகிறது; குளிர்ச்சியில் 8 சதவீதம் இழப்பு. கலவை நூல் சொல்வதைவிடச் செறிந்தும், குளிர்ச்சி நூல் சொல்வதைவிடக் குறைந்தும் இருக்கும் இடத்தில் இரவல் விதியை நம்பிப் பறப்பது முறையன்று. வெப்ப அளவி காட்டுவதை நம்ப வேண்டும். அதுவும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் உணரி கொண்ட அளவியை. ஒரேயோர் உணரி மட்டும் உள்ள பழைய விமானத்தில் மிகச் சூடான சிலிண்டர் எதுவென்று எவருக்கும் தெரியாது.

எஞ்சின் தயாரிப்பு நிறுவனமான லைகொமிங் தன் பல எஞ்சின்களுக்குச் சிலிண்டர்த் தலையின் எல்லையை 260 பாகை என்று குறித்தாலும், நீண்ட ஆயுளுக்கு 224 பாகைக்குள், சிக்கனப் பறப்பில் 204க்குள் வைத்திருக்கச் சொல்கிறது. 65 சதவீத வலுவுக்குக் கீழே, எஞ்சின் தடுமாறும் வரை மெலித்து, தடுமாற்றம் நீங்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் செறிவாக்கும் பழக்கம் இந்த எல்லைக்குள் அடங்கும் என்பதே என் முடிவு. ஏறும்போது அப்படிச் செய்யக்கூடாது. அப்போது வலு முழுமையானது, காற்றோட்டமோ குறைவு. செஸ்னா 172இல் டக்கோட்டாவுக்கு இருந்ததுபோலத் திறந்து மூடும் குளிரூட்டு மடல்களும் இல்லை. முழுச் செறிவோடு மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவதே அங்கு வழி.

தரையில் நிலைமை தலைகீழ். 100எல்எல் என்ற விமானப் பெற்றோலின் ஒரு லீற்றரில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அதை வெளியேற்றச் சேர்க்கப்படும் புரோமின் சேர்மம் வேலை செய்ய, ஸ்பாக் பிளக்கின் முனை ஏறத்தாழ 425 பாகைக்கு மேல் சுட வேண்டும். முழுச் செறிவோடு ஓடுபாதையோரம் காத்திருக்கும் எஞ்சினில் அந்தச் சூடு வருவதில்லை. ஈயம் மணி மணியாகப் பிளக்கில் படிகிறது. கிளம்புமுன் நடக்கும் மக்னீற்றோ சோதனையில் எஞ்சின் உதறுகிறது. வெப்பத்துக்கு மேல் எல்லை மட்டுமன்றிக் கீழ் எல்லையும் உண்டு. தரையில் கலவையை நன்றாக மெலித்து வைக்கலாம். அங்கு சிலிண்டரைச் சுடப் போதிய வலுவே எஞ்சினில் இருப்பதில்லை. மெலித்திருப்பதை மறந்து விமானி திரொட்டிலை முன் தள்ளினால், எஞ்சின் வலுவெடுக்க மறுத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.