தறிக்கு வந்த பிளாஸ்டிக் இடுப்புக்குள் போன கதை

அறுபதைத் தாண்டிய நாலு பேர் உடுமலையில் எங்கே கூடினாலும் பேச்சு மூட்டுத் தேய்மானத்தில்தான் வந்து நிற்கிறது. கோயமுத்தூர் போய் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு வந்தவர்களும் நம்மிடையே நிறையப் பேர். அந்தச் செயற்கை மூட்டின் பூர்வீகத்தில் ஒரு நெசவுத்தறியும் உண்டு என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

கதை பாரிஸில் ஆரம்பிக்கிறது. 1946ல் ழான், ரொபேர் ஜூடே என்ற சகோதரர்கள் தேய்ந்த இடுப்பு மூட்டில் அக்ரிலிக் பந்து ஒன்றைப் பொருத்தினார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். பல நாட்டு மருத்துவர்களும் அதையே செய்தார்கள். சில வருஷங்களில் அக்ரிலிக் தேய்ந்தது, உடைந்தது. ஒருவருக்கு இடுப்பு கிரீச்சிட்டதாம். சாப்பாட்டு மேசையில் உப்பை எடுக்கக் குனிந்தால் மனைவி அறையை விட்டே போய்விடுவாராம்!

அந்தச் சத்தத்தைப் பற்றி யோசித்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். உராய்வைக் குறைக்க, இன்று தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானில் கிண்ணம் செய்து 1958 முதல் பொருத்தினார். முதல் வருஷம் எல்லோருக்கும் சந்தோஷம். சார்ன்லி அதோடு விடாமல் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப வரவழைத்து எக்ஸ்ரே எடுத்தார். மூன்று, நான்கு வருஷத்தில் கிண்ணம் தேய்ந்து, அதன் துகள்கள் சதையைப் புண்ணாக்கியிருந்தன. சுமார் 300 பேருக்கு வைத்தாயிற்று. டெஃப்லான் துண்டுகளைத் தன் தொடையிலேயே பதித்துச் சோதித்துப் பார்த்தார் மனிதர்.

1962 மே மாதம் ஒரு விற்பனையாளர் வந்தார். ஜெர்மனியில் தயாரான பாலிஎத்திலீன், லங்காஷயர் தறிகளின் பல்சக்கரத்துக்காக விற்பது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, நேர விரயம் என்று போய்விட்டார். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் மட்டும் அதைத் தேய்மான எந்திரத்தில் ஏற்றினார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அந்த நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் உள்ளே போனது. ஆனாலும் அவசரப்படவில்லை. தன்னிடம் வந்து கற்றவர்களுக்குத்தான் நெடுநாள் அந்த மூட்டைத் தந்தார். இறந்தபின் மூட்டைப் பரிசோதிக்கத் தருமாறு நோயாளிகளிடம் சம்மதமும் வாங்கி வைத்தார். அங்கிருந்துதான் பிளாஸ்டிக் முழங்காலுக்கும் போனது.

இந்த வழக்கத்தை ஒரு தேசமே எடுத்துக்கொண்டது ஸ்வீடனில். 1975ல் முழங்காலுக்கும், 1979ல் இடுப்புக்கும் நாடு தழுவிய பதிவேடு தொடங்கினார்கள். யாருக்கு எந்த மூட்டு, அதை எப்போது திரும்ப மாற்ற நேர்ந்தது என்று எல்லாம் அதில் ஏறும். பதிவேடு எழுதியே ஆயுளைக் கழித்த எனக்கு இது படிக்கவே இனிக்கிறது.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பிறகு பார்த்தோம். உலோகத்தின் மேல் உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு சீக்கிரமே பழுதாவதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010 ஆகஸ்டில் டிபியூ நிறுவனம் உலகம் முழுதும் அதைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. 2018ல் கணக்கெடுத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது நினைவிருக்கும். அப்போது கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு ரூ.54,720 என்று வைத்தார்கள். அதே ஆணைப்படி மூட்டின் பெயர், தயாரித்த நிறுவனம், பேட்ச் எண் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்து, பிள்ளைகளுக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள். பத்து வருஷம் கழித்து ஏதோ ஒரு மூட்டைப் பற்றி அறிவிப்பு வந்தால், அது உங்களுடையதா என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.