கொடுமணல்: பொருளும் கழிவும்

ஓர் ஊர் பாட்டில் இடம்பெறுவது அந்த ஊருக்கு லாபமா, நஷ்டமா? நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கும் கொடுமணல் இந்தக் கேள்வியை எழுப்புகிறது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் சொல்லும் கொடுமணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இரண்டும் சேர அரசர்களைப் பாடியவை. இரண்டிலும் கூடவே பந்தர் என்ற ஊரும் வருகிறது. கொடுமணம் அங்கே அருங்கலங்களுக்கு ஓர் அடைமொழி, அவ்வளவே. கலம் தெரிகிறது. அதைப் பெறுகிற கையும் தெரிகிறது. செய்த கை தெரியவில்லை.

அந்தக் கை மண்ணில் இருந்தது. 1985இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழத் தொடங்கியது. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. மணிகள் வேலையின் எல்லாக் கட்டங்களிலும் கிடைத்தன: உடைத்த கல், பாதி தேய்த்தது, துளையிடும்போது பிளந்து எறியப்பட்டது. பச்சைக்கல் அருகிலிருக்கும் படியூரிலிருந்து வந்தது. சூதுபவளம் வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தது என்கிறார்கள். ஊர், கரூரையும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள மேற்குக் கடற்கரையையும் இணைத்த வழியில் இருந்தது. வானம் பார்த்த இந்த நிலம் வயலை நம்பி மட்டும் வாழவில்லை. ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட சூதுபவள மணிகள். பானை ஓடுகளில் கண்ணன் ஆதன் முதலிய பெயர்கள், தமிழ் பிராமியில். புரவலன் பெயரைப் பாட்டு காத்தது. புழங்கியவன் பெயரை உடைந்த பானை காத்தது.

இதைப் பழம்பெருமையாக மட்டும் வாசிப்பது சுலபம். ஆனால் ஸ்தூலமான உண்மை வேறு. கொடுமணலின் சரித்திரம் நமக்குக் கிடைத்ததே, செய்த பொருளும் எறிந்த கழிவும் ஒரே பெயருக்குச் சொந்தமாக இருந்ததால்தான். கலம் எங்கோ போயிற்று. சில்லு இங்கேயே கிடந்து சாட்சி சொன்னது.

அதே ஆற்றின் பிற்காலம் இந்த ஒற்றுமையைக் கலைத்துவிட்டது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். கிணறுகள் உப்பாயின. கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடும்படி 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பனியன் திருப்பூர் என்ற பெயரோடு உலகம் சுற்றியது. வண்டல் ஒரத்துப்பாளையத்தில் படிந்தது. ஒரு பெயருக்கு ஏற்றுமதி, இன்னொரு பெயருக்கு எச்சம்.

வட்டார சரித்திரம் எழுதுகிறவன் இந்த இரண்டாவது பெயரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதல் பெயரைச் சொல்ல எக்காலத்திலும் புலவர்கள் இருப்பார்கள்.