உயிர்காக்கும் பொறியின் வரலாறு

அமெரிக்க நாட்டு ஃபோர்டு நிறுவனத்தார் 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட எஃப்-150 லைட்னிங் என்னும் மின்சாரப் பிக்கப் வண்டி, சுமை ஏற்றுவதோடு அமையாமல், ஒரு சிறு மின்நிலையமாகவும் பயன்பட்டது. உயர்ந்த அளவாக 9.6 கிலோவாட் ஆற்றலை அதன் சாக்கெட்டுகள் வழியே பெறலாம். இவ்வசதியின் அருமை அதற்கு முந்திய ஆண்டிலேயே விளங்கிற்று. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கிப் பல இலட்சம் வீடுகள் இருளில் ஆழ்ந்தபோது, பெட்ரோலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் அந்நிறுவனத்தின் வண்டிகள் சில இல்லங்களுக்கு ஒளியும் வெப்பமும் தந்தன.

ஆயினும், இத்தகைய சாக்கெட் சிலபோது திடீரென நின்றுவிடும். வண்டிக்கு உடையவர், "பழுதாகிவிட்டது" என்பார். பெரும்பாலும் உண்மை அதுவன்று. உள்ளிருக்கும் காவற்பொறி தன் கடமையைச் செய்திருக்கும். அப்பொறியின் வரலாற்றை அறிந்தால், பழுது காணும் வழியும் தானே புலப்படும்.

பெர்க்கிலியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், மின்னதிர்ச்சி மனித உடலை எவ்வாறு தாக்குகிறது என ஆராய்ந்தவர். மின்கம்பியைப் பற்றிய கை, அதனை விடமுடியாமற் போகும் எல்லை யாது? தாமே முன்வந்த 134 ஆடவரையும் 28 பெண்டிரையும் கொண்டு அதனை அளந்தார். சராசரி எல்லை ஆடவர்க்கு ஏறத்தாழ 16, பெண்டிர்க்கு 10.5 மில்லி ஆம்பியர் எனக் கண்டார். 15 ஆம்பியர் ஃபியூசோ இதனைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மின்னோட்டத்தைத் தடையின்றி விடும். எனவே, ஃபியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காவாது.

இக்குறையை நீக்க 1961-இல் அவர் ஒரு பொறியை அமைத்தார். செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் ஒத்துள்ளனவா என்று அது ஒப்பிடும். ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், எங்கோ கசிவு உண்டு எனக் கொண்டு, நொடியின் சிறு பகுதியில் மின்சாரத்தைத் துண்டிக்கும். 1968-இல் அமெரிக்க மின்விதித் தொகுப்பு நீச்சற்குளத்து நீரடி விளக்குகளுக்கு இவ்வகைக் காவலை ஏற்றது. பின்னர் அது குளியலறைக்கும் வீட்டின் வெளிப்புறத்துக்கும் பரவி, வண்டியிலும் ஏறிற்று.

இனி, பழுது காணும் முறையை நோக்குவோம். எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டுப் பொறியை மீண்டும் இயக்குக. பின்பு ஒவ்வொன்றாகச் செருகுக. ஒரு கருவியைச் செருகியவுடன் நின்றால், கசிவு அக்கருவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது. பல கருவிகள் சேர்ந்தபின் மட்டும் நின்றால், சுமை மிகுதியே காரணமாகலாம். ஒன்றுமே செருகாதபோதும் நின்றால், வண்டியையே சோதிக்க வேண்டும்.

வீட்டோடு இணைக்கும்போது மட்டும் நிற்பது வேறொரு சிக்கல். நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் வண்டியிலும் பிணைந்துள்ளன, வீட்டிலும் பிணைந்துள்ளன. ஆகவே மீளும் மின்னோட்டம் இரு வழியாகப் பிரிகிறது. எர்த் வழியே செல்லும் பகுதியைக் காவற்பொறி கசிவெனக் கருதுகிறது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சை மின்வல்லுநர் பொருத்துவதே இதற்கு முறையான தீர்வு. எர்த் கம்பியை வெட்டிவிட்டால் பொறி அடங்கும். உயிர்க்காவலும் உடன் அகலும்.

நம் வீட்டு மின்பெட்டியில் சோதனைப் பொத்தானுடன் இருக்கும் கசிவுத் தடுப்பானும் இவ்வினத்ததே. அது விழும்போதெல்லாம் சினவாமல், அது சொல்ல வந்த செய்தி யாதெனக் கேட்டல் நலம்.