சட்ட அறிக்கை ஏடுகளும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

1886இல் ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டு, பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்கு முன்பிருந்தே தோட்டத் தொழிலாளர் நீதிமன்றப் படிகளை அறிந்திருந்தனர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைக் குற்றவாளியாகவே கருதியது. அத்தகைய வழக்குகளிற் பெரும்பாலானவை கீழ் நீதிமன்றங்களோடு முடிவுற்றன. சட்டத்தரணிகளுக்கென வெளிவந்த ஏடுகளில் அவற்றுள் எவை இடம்பெற்றன, எவை விடுபட்டன என்பதை ஒப்புநோக்குதல் மலையக வரலாற்றாய்வுக்கு இன்றியமையாததாகும்.

‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ தொகுதிகள் 1895ஆம் ஆண்டளவிலான தீர்ப்புகளோடு தொடங்கி 1970களின் இறுதிவரை நீண்டன. பின்னர் ‘ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸ்’ அவ்விடத்தைப் பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘சிலோன் லோ ரெக்கோடர்’, ‘சிலோன் லோ வீக்லி’ ஆகியனவும் வெளிவந்தன. ஒரே தீர்ப்பு இரு ஏடுகளில் வெளிவருவதுண்டு. ஒன்றில் விடுபட்டது மற்றொன்றிற் கிடைப்பதுமுண்டு. எனினும் இவையாவும் ஆங்கில ஏடுகள்; மேல்முறையீட்டுத் தீர்ப்புகளையே முதன்மையாகக் கொண்டவை. சட்டவிதி ஒன்றைத் தெளிவுறுத்தும் வழக்கே அவற்றுக்கு உரியதாயிற்று.

இத்தெரிவின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ 51ஆம் தொகுதியில் 1950ஆம் ஆண்டின் செல்வநாயகம் வழக்கு உள்ளது. நேர்மையான உரிமை கோரி ஓரிடத்தில் இருப்பவர், பிறருக்குத் தொல்லை விளையுமென அறிந்திருந்தார் என்பதால் மட்டும் குற்ற அத்துமீறல் புரிந்தவராகார். தொல்லை விளைப்பதே அவரது முதன்மை நோக்கமாதல் வேண்டும் என்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் கருத்துரைத்தது. வேலை பறிபோனால் லயத்து அறையும் பறிபோகும் நிலையிலிருந்த தொழிலாளருக்கு இக்கருத்து பெறுமதி மிக்கதன்றோ! அதே ஏட்டின் 54ஆம் தொகுதியிலுள்ள 1953ஆம் ஆண்டின் கோடக்கன் பிள்ளை வழக்கோ, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் செல்லுபடியாகும் எனக் கூறி, மலையகத் தமிழரின் வாக்குரிமை இழப்பை உறுதிசெய்தது.

ஆயின், 1940 மே மாதம் பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் போன்றவற்றின் வரலாற்றை இவ்வேடுகளிலிருந்து மட்டும் எழுதவியலாது. 1957ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் தொழில் நியாய சபைகள் தோன்றின. தொழிலாளர் தாமாகவோ தம் சங்கத்தின் வாயிலாகவோ அங்கு முறையிடலாயினர். நீதியும் நியாயமுமான கட்டளையை வழங்குவது அச்சபைகளின் கடமையாயிற்று. அவற்றின் கட்டளைகளோ, மேல்முறையீட்டிற்குச் சென்றாலன்றி அறிக்கைகளில் இடம்பெறுதல் அரிது. 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்பின் அம்மேல்முறையீடுகள் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு உரியனவாயின.

சட்டக் கல்லூரித் தமிழ் மாணவரின் ‘நீதி முரசு’ போன்ற மலர்கள் சட்டத்தைத் தமிழில் விளக்க முயன்றமை போற்றத்தக்கது. எனினும் விளக்கம் வேறு, ஆவணம் வேறு. சட்ட அறிக்கை காட்டுவது வழக்கின் முடிவையே. வழக்கிற்கு இட்டுச்சென்ற வாழ்வு சபைக் கோப்புகளிலும் தொழிற்சங்கக் கடிதங்களிலுமே தங்கியுள்ளது. அத்தாள்கள் அழிந்துபடின், ஊவாத் தொழிலாளர் வரலாற்றில் வழக்கின் தலைப்பிலுள்ள பெயர்கள் மட்டுமே எஞ்சும்.